கறுப்புப் பாயும் நைனாவின் வேட்டியும்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கிரேக்க ராஜா கதை கேட்கிற கிழவி இந்தத் திருவொற்றியூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உங்களில் இன்னொருத்தர் இருந்தால் கையைத் தூக்குங்கள், பேச்சுத் துணைக்கு ஆகும். நம் வயசுக்காரர்கள் எல்லோரும் காலையில் சாமி பாட்டு, சாயங்காலம் சீரியல் என்று ஒரு வழிக்கு வந்துவிட்டார்கள். எனக்கு மட்டும் இந்தக் கிறுக்கு போகவில்லை. அண்ணன் பேத்தி என் போனில் கதைகளை ஏற்றிக் கொடுத்திருக்கிறாள். காதில் சொருகிக்கொண்டு நெத்திலி கிள்ள உட்கார்ந்தால் ஒரு கிலோ முடிவதற்குள் ஒரு ராஜ்ஜியம் எரிந்து சாம்பலாகிவிடும்.

கிரேக்கத்துச் சாமிகளை எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் அவர்களுக்கு மானம் வெட்கம் கிடையாது. குழாயடியில் குடத்தைத் தூக்கி எறிகிற மாதிரி இடியைத் தூக்கி எறிவார்கள். மலை உச்சியில் உட்கார்ந்திருக்கிற பெரிய சாமி செய்கிற சேட்டைக்கு எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தாக இருந்தால் ஊரை விட்டே தள்ளி வைத்திருக்கும். அவர் பெண்டாட்டி அவரை விட்டுவிட்டு அவர் துரத்திப் போன பெண்களைத்தான் போட்டு வதைப்பாள். இதுவும் நாம் பார்க்காததா?

இப்போது அந்தக் கதைகளையெல்லாம் புதுசாகத் திருப்பி எழுதுகிறார்கள். பாம்பு முடிக்காரி தன் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறாள். ஆம்பிளைகளைப் பன்றியாக மாற்றிய தீவுக்காரி, ஏன் மாற்றினேன் என்று விளக்கம் கொடுக்கிறாள். அதைக் கேட்டபோது, பன்றியாக மாற்றியதோடு விட்டாளே என்று எனக்குத் தோன்றியது. பேர்கள் வேண்டுமானால் அண்ணன் பேத்தியைக் கேளுங்கள். நான் சொல்லப் போனால் பல்செட்டு கழன்று கையில் வந்துவிடும்.

போன வாரம் காளைத்தலை அரக்கன் கதை ஓடிக்கொண்டிருந்தது. குரல் முடிவுக்கு வருவதற்கு முன்னாலேயே நான், "கப்பல்ல கறுப்புப் பாய மாத்த மறந்துடுவான் பாரு, அப்பன்காரன் கடல்ல வுயுந்துடுவான்" என்றேன். பேத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு எப்படி ஆயா தெரியும்?" என்றாள். காலண்டரில் பார்த்தேன் என்றேன். அவள் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

எனக்கு அப்போது பத்து வயசு. எங்கள் சித்தப்பாவுக்கு, அதாவது நைனாவின் தம்பிக்கு, ஹார்பரில் மூட்டை இறக்குகிற வேலை. தை மாசத்தில் ஒரு கிரேக்கக் கப்பல் கோதுமை கொண்டு வந்தது. அதில் ஒரு கப்பல்காரன் சரிந்த மூட்டைகளுக்கு நடுவில் கால் மாட்டிக்கொண்டு கத்த, சித்தப்பா மூட்டையைப் புரட்டி அவனை வெளியே இழுத்திருக்கிறார். அவன் சித்தப்பாவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, ஒரு காலண்டரையும் கொடுத்து அனுப்பினான். முத்தத்தைப் பற்றிச் சித்தி ஒரு வாரம் சிரித்தாள். காலண்டரைச் சித்தப்பா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார், அவர் வீட்டில் ஆணி அடிக்கிற மாதிரி சுவர் இல்லை என்பதால்.

அந்த மாதிரிக் காகிதத்தை நான் அதற்கு முன்னால் தொட்டதே இல்லை. தடியாக, வழவழவென்று, மூக்கில் வைத்தால் புது செருப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி வாசனை வரும். மாசத்துக்கு ஒரு படம். படத்துக்குக் கீழே கணக்குப் புத்தகத்தில் வட்டத்துக்குப் பக்கத்தில் வருமே, அந்த மாதிரி எழுத்துகள். பின்பக்கத்தில் மட்டும் பொடிப்பொடியாக நாலு வரி இங்கிலீஷ் இருந்தது.

முதல் மாசம் கடல் சாமி. பச்சைத் தாடி, கையில் மூன்று முனை வேல், காலடியில் நுரை. அம்மா அவரை முருகனுக்குப் பக்கத்தில் மாட்டி நெற்றியில் குங்குமம் வைத்தாள். நைனா கிட்டே போய் உற்றுப் பார்த்துவிட்டு, "இவரு நம்ம ஆளுதான்மே. கையில பாரு, மீன் குத்துற ஈட்டி" என்று சான்றிதழ் கொடுத்தார். அடுத்த மாசம் காளைத்தலை அரக்கன் வந்தான். அம்மா, "மாட்டுப் பொங்கல் போன மாசமே முடிஞ்சிபோச்சே, இப்ப ஏன் போட்டுக்கீறான்?" என்றாள். அவனுக்குக் குங்குமம் கிடைக்கவில்லை.

மார்ச் மாசப் படத்தில் ஒரு கிழ ராஜா. பாறை உச்சியில் நின்றுகொண்டு கண்ணுக்கு மேலே கையை வைத்துக் கடலைப் பார்க்கிறார். தூரத்தில் ஒரு கப்பல், அதில் கறுப்புப் பாய். என்ன கதை என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சி தெற்கத்திக்காரர். அவருடைய மகள் என் தோஸ்து. ராயபுரம் கான்வென்டில் படித்தாள், இங்கிலீஷ் தெரியும். கடைக்கு வெளியே இருந்த உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து காலண்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு அவள் எனக்குக் கதை சொன்னாள். நாலு வரி இங்கிலீஷ் எப்படி அரைமணி நேரக் கதையானது என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. கான்வென்டில் அவ்வளவு சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"கேளுட்டி. அந்த மாட்டுத்தலையன் இருக்காம்லா, அவனுக்கு வருசா வருசம் ஆள தின்னக் குடுக்கணும். இந்த ராசாவுக்க மவன், நான் போயி அவனக் கொன்னுட்டு வாரேன்னு கெளம்புதான். போற கப்பல்ல கறுப்புப் பாய் கட்டியிருக்கு, துக்கத்துக்கு. அப்பங்காரன் சொல்லுதாரு, நீ உசிரோட வந்தா வெள்ளப் பாய மாத்திக் கட்டிட்டு வாய்யா, நான் தூரத்துலயே பாத்துக்கிடுவேன்னு."

அரக்கன் இருந்த இடம் மூலக்கொத்தளம் சந்துகள் மாதிரி, உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது என்றாள். அந்த ஊர்ப் பெண் ஒருத்தி ராஜா மகனுக்கு நூல்கண்டு கொடுத்தாள். ஒரு முனையை வாசலில் கட்டிவிட்டு உள்ளே போய், அரக்கனைக் கொன்று, நூலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டான். வலை பின்னுகிற நைலான் நூல்தான் அது என்று நான் இன்றுவரை நம்புகிறேன். வேறு நூலாக இருந்தால் அறுந்திருக்கும்.

"அப்பால?"

"அப்புறம் என்ன, சந்தோசத்துல பாய மாத்த மறந்துட்டான். அப்பங்காரன் கறுப்பப் பாத்தாரு, புள்ள செத்துட்டான்னு கடல்ல குதிச்சிட்டாரு. அந்தக் கடலுக்கே அவரு பேரத்தான் வச்சிருக்காவளாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அரக்கனைக் கொன்றவன் ஒரு பாயை மாற்ற மறப்பானா? "சும்மா உடாதே" என்றேன். அவள், "எங்கிட்ட ஏன் சண்டைக்கு வாற? எழுதியிருக்கத வாசிக்கேன்" என்று காலண்டரை என் மடியில் போட்டுவிட்டாள். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது யோசித்துப் பார்த்தேன். மறக்கக்கூடிய ஆள் ஒருத்தன் எங்கள் வீட்டிலேயே இருந்தான். என் அண்ணன்.

சோற்றுத் தூக்கைக் கரையில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போவான். கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று கேட்கத் திரும்பி வருவான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயசு, நைனாவோடு கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தான். அந்த வருஷம் மாசியில் அவனுக்கு லாஞ்சு ஆசை வந்தது. டீசல் இன்ஜின் வைத்த விசைப்படகைத்தான் நாங்கள் லாஞ்சு என்போம். நாலு நாள், அஞ்சு நாள் கடலிலேயே தங்கி, பெரிய வலை போட்டு மீன் பிடித்து வருவார்கள். நைனாவுக்கு லாஞ்சு என்றாலே ஆகாது.

"அது தொழிலாடா? கடலு அடிவயித்தப் போட்டு சொரண்டிக்கினு கீறானுங்க. குஞ்சு குளுவான வுட்டு வக்கறானுங்களா?"

"மரத்துல போய் ஒரு கூடை சங்கரா புடிச்சினு வர்றதுக்கு நான் இன்னா கெயவனா நைனா?"

அவ்வளவுதான். "கெயவன்" என்றது நைனாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "போ. அந்த டீசல் நாத்தத்தோட என் வூட்டாண்ட வராத" என்றார். அண்ணன் லுங்கியையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போய், லாஞ்சிலேயே படுத்துக்கொண்டான். நைனா இரண்டு கவளம் சோற்றோடு எழுந்துவிடுவார். தெருவில் எல்லோரும் அவரைக் கல்லு என்றார்கள். பெத்த பிள்ளையைத் துரத்திவிட்டு எப்படித்தான் வலை தைக்கிறானோ என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து ராயபுரத்தில் விற்பாள். ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். அம்மா ஏலக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நான் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அண்ணனைக் கண்டுபிடித்தேன். அவனிடம் கிழ ராஜா கதையை மூச்சு விடாமல் சொன்னேன். அவன் மீன் செதிள் ஒட்டிய கையால் என் தலையில் தட்டிவிட்டுச் சிரித்தான்.

"இத்த கேளு. நாளைக்கு ஆந்திரா பக்கம் தங்கலுக்குப் போறோம். அஞ்சு நாளு. வர சொல்ல நம்ம குப்பத்துக்கு எதிர்க்கதான் வரணும். விசாகப்பட்டினத்துல ஆறு மாசம் வேலை கீதுன்னு ஓனரு கூப்டுறாரு. லாஞ்சில வெள்ளைத் துணி பறந்துச்சின்னா நான் வூட்டுக்கு வர்றேன், நைனா கால்ல வுயுறேன்னு அர்த்தம். கறுப்புன்னா மீன எறக்கிட்டு அப்படியே விசாகப்பட்டினத்துக்குப் பூட்டேன்னு அர்த்தம்."

"மறந்துடுவியே!"

"மறக்க மாட்டேன். நைனாவாண்ட சொல்லாத."

சொல்லவில்லை, ஒரு நாள் முழுக்க. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நைனா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தபோது எனக்குத் தாங்கவில்லை. வெள்ளை என்றால் என்ன, கறுப்பு என்றால் என்ன என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் காறித் துப்பிவிட்டுப் போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில் வலையைத் தூக்கிக்கொண்டு வழக்கமான பூவரச நிழலை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்குப் போனார். கடலைப் பார்த்து உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிழ ராஜா கண்ணுக்கு மேலே கை வைத்துக் கடலைப் பார்த்தார். இங்கே நைனா கண்ணுக்கு மேலே கை வைத்துக் கடலைப் பார்க்கிறார். மகன் மறதிக்காரன். கதை எப்படி முடியும் என்று இந்தக் குப்பத்திலேயே எனக்கும் அண்ணாச்சி மகளுக்கும் மட்டும்தான் தெரியும். நைனா சாகப் போகிறார், நான் வாயை அடக்காததால் சாகப் போகிறார். பத்து வயசில் அந்தப் பயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

முதலில் காலண்டரைச் சரி செய்யலாம் என்று நினைத்தேன். ஸ்டூல் போட்டு ஏறி, ராஜாவைத் திருப்பி ஏப்ரல் மாசத்தை வெளியே விட்டேன். ஏப்ரலில் ஒரு பையன் சிறகு கட்டிக்கொண்டு வானத்திலிருந்து கடலில் விழுந்துகொண்டிருந்தான், மேலே அவன் அப்பன் அலறிக்கொண்டிருந்தான். அங்கேயும் ஒரு அப்பன், ஒரு பிள்ளை, ஒரு கடல்! அந்தக் கிரேக்கக்காரர்களுக்கு வேறு கதையே கிடைக்கவில்லையா என்று அழுகையே வந்துவிட்டது. அதையும் திருப்பினேன். மே மாசத்தில் ஒரு அம்மா கதிர்க்கட்டோடு நின்றாள். சரி, இவள் ஆபத்தில்லாதவள் என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் அம்மா பார்த்துவிட்டு, "மே மாசம் வந்துடுச்சா? எனக்கு யாரும் சொல்லவே இல்லியே" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அடுத்த நாட்களில் நைனாவைக் கரையிலிருந்து கிளப்ப நான் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அண்ணாச்சி கூப்பிடுகிறார் என்றேன். சித்தப்பாவுக்குக் காய்ச்சல் என்றேன். போய்ப் பார்த்தால் சித்தப்பா தெருவில் நின்று பட்டாணி தின்றுகொண்டிருந்தார். வயிற்று வலி, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ என்று மணலில் புரண்டேன். "ஓமத்தண்ணி குடி" என்றாரே ஒழிய, கண் கடலை விட்டு வரவில்லை.

ஐந்தாம் நாள் வெயில் ஏறின நேரம். வயிற்று வலியைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நைனாவை உரசிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். லாஞ்சு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் காதுக்குத் தெரிந்தது. ஊசியை வலையில் குத்தி வைத்தார். வடக்கே எண்ணூர்ப் பக்கமிருந்து ஒரு புள்ளி வந்தது. புள்ளி லாஞ்சானது. லாஞ்சின் கம்பத்தில் ஒரு துணி பறந்தது.

கறுப்பு.

நைனா எழுந்து நின்றார். சட்டையைக் கழற்றிப் போட்டார். தண்ணீரைப் பார்த்து நடந்தார். நான் பாய்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு குப்பமே கேட்கும்படி அலறினேன். "நைனா வாணாம்! குதிக்காத நைனா! அண்ணன் சாவல, மறந்துட்டான்! நீ செத்துடாத நைனா!"

"எவ இவ? வுடும்மே கால!"

"குதிக்காத!"

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை நான் முன்னேயும் பார்த்ததில்லை, பின்னேயும் பார்த்ததில்லை. "கடலுக்கே பொறந்தவன் கடல்ல குதிச்சி சாவானாம்மே? எம்புள்ள விசாகப்பட்டினம் போறான். மறிக்க வாணாமா?" என்றார். என் கையைப் பிரித்து என்னை மணலில் உட்கார வைத்துவிட்டுக் கட்டுமரத்தைத் தள்ளினார். பக்கத்து மரத்துக்காரர் ஓடிவந்து ஒரு கை கொடுத்தார். அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் நைனா எழுந்து நின்று தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டே துடுப்புப் போட்டார்.

அதற்கப்புறம் நடந்தது அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவன் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறான், ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. கட்டுமரம் குறுக்கே வருவதைப் பார்த்து லாஞ்சு வேகத்தைக் குறைத்தது. நைனா கீழே இருந்து கத்தினார்.

"டேய்! போறதா இருந்தா வூட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு துன்னுட்டு, சொல்லிக்கினு போடா! இப்படிக் கறுப்பக் கட்டிக்கினு போவாத!"

"இன்னா கறுப்பு? நான் வெள்ளதான நைனா கட்டினேன்!"

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணன் மறக்கவில்லை. எங்கே மறந்துவிடுவோமோ என்று பயந்து, காசிமேட்டை விட்டுக் கிளம்பும்போதே வெள்ளைத் துணியைக் கம்பத்தில் ஏற்றிக் கட்டிவிட்டான். கம்பத்துக்குப் பக்கத்திலேயே இன்ஜினின் புகைக்குழாய். ஐந்து நாள் டீசல் புகையை முழுக்கக் குடித்து அந்தத் துணி அடுப்புக்கரியாக ஆகியிருந்தது. தினம் அதன் அடியில் நின்று வலை இழுத்தவன் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அதுதான் எங்கள் அண்ணன்.

நைனா துணியை உற்றுப் பார்த்தார். பதினேழு நாளுக்கு அப்புறம் மகனைப் பார்த்தவர் அடுத்து சொன்னது இதுதான்.

"அடப்பாவி, அது என் வேட்டிடா!"

ஆமாம். பச்சைக் கரை போட்ட வேட்டி. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் தகரப் பெட்டியிலிருந்து வெளியே வருகிற ஒரே நல்ல வேட்டி. அண்ணன் கம்பத்தில் ஏறி அதை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்து மரத்துக்கு நீந்திப் போனான். காலில் விழுகிறேன் என்றவன் கட்டுமரத்தில் எங்கே விழுவது? இடம் இல்லை. அதனால் துடுப்பை வாங்கிக்கொண்டானாம். கரைக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டேதான் வந்தார்கள். வேட்டியைப் பற்றி.

அம்மா கூடையோடு அப்போதுதான் வந்து சேர்ந்தாள். வேட்டியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "சவுக்காரம் போட்டா பூடும்" என்றாள். போகவில்லை. எத்தனை துவைத்தும் அது மேகம் கறுத்த மாதிரி சாம்பல் நிறத்திலேயே நின்றுவிட்டது. அண்ணன் கல்யாணத்துக்கு அம்மா புது வேட்டி எடுத்துக் கொடுத்தும் நைனா இதைத்தான் கட்டிக்கொண்டு மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். கேட்டவர்களிடமெல்லாம், "எம்புள்ள ஆந்திரா வரைக்கும் இட்டுக்கினு போய் வந்த வேட்டி" என்றார். அண்ணன் விசாகப்பட்டினம் போகவில்லை. லாஞ்சை விடவும் இல்லை. கரைக்கு வருகிற நாட்களில் நைனாவோடு கட்டுமரத்திலும் போனான். நைனா கடைசி வரைக்கும் அந்த டீசல் நாற்றத்தைத் திட்டிக்கொண்டே, அவன் வந்ததும் முதல் ஆளாக இலை போடச் சொன்னார்.

மார்ச் மாசத் தாளை அன்றைக்குச் சாயங்காலமே கிழித்துக் கப்பல் செய்து கடலில் விட்டேன். மிச்சத் தாள்கள் அடுத்த வருஷம் என் நோட்டுகளுக்கு அட்டை ஆயின. குங்குமம் வைத்த கடல் சாமி என் கணக்கு நோட்டில் இருந்தார், பாஸ் மார்க்குக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. நைனா வலை தைத்த இடத்தில் இப்போது கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மணல் என்று ஒன்று அங்கே இருந்தது என்றால் பேத்தி சிரிக்கிறாள்.

இந்தப் புதுக் கதைகளைக் கேட்கக் கேட்க எனக்கு ஒவ்வொன்றாக விளங்குகிறது. நூல்கண்டு கொடுத்தாளே ஒரு பெண், அவளை ராஜா மகன் வழியில் ஒரு தீவில் தூங்கும்போதே விட்டுவிட்டு வந்துவிட்டானாம். எனக்கு இது இத்தனை வருஷம் தெரியாது. தூத்துக்குடியில் பேரன் பேத்தி எடுத்து உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சி மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அது அந்தக் காலண்டர்லயே எழுதியிருந்துச்சுட்டி. உன்கிட்டச் சொல்ல மனசு வரல. நீ அந்த நூல அப்படி நம்பிட்டிருந்த" என்றாள். பத்து வயசுப் பிள்ளைக்கு இருந்த மனசு அந்த ராஜா மகனுக்கு இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது. கிழ ராஜாவுக்கு ஒரு ராணி இருந்திருப்பாளே, பாறை மேல் அவர் நிற்கும்போது அவள் எங்கே போனாள்? நான் கேட்ட கதைகளில் பதில் இல்லை. எங்கள் வீட்டு ராணி எங்கே இருந்தாள் என்று மட்டும் எனக்குத் தெரியும். நைனா போன பிறகு ஒரு நாள் அம்மாவே சொன்னாள். அந்தச் சனிக்கிழமை ஏலத்தில் மல்லுக்கட்டிக்கொண்டே எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் விடியற்காலையில் வேட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு போய் அண்ணன் கையில் கொடுத்தவள் அவள்தான்.

"வூட்ல எத்தினி பழந்துணி கீது, போயும் போயும் அத்தயா குடுத்த?" என்று கேட்டேன்.

"பழந்துணியக் கட்டினா எவன் துணியோன்னு அந்த மனுசன் குந்திக்கினு இருப்பாரு. தன் வேட்டின்னா எட்டிப் பாக்க மாட்டாரா? புள்ள மதிச்சி எடுத்துக்கினு போய்க்கீறான்னு தெரிய வாணாமா?"

அம்மா போட்ட கணக்கு பெரிய கணக்கு. ஆனால் அதைவிடப் பெரிய காரியத்தைச் செய்தது அந்தப் புகைதான். வேட்டி வெள்ளையாகவே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எனக்கு நைனாவைத் தெரியும். வரட்டும், வந்து காலில் விழட்டும் என்று அங்கேயே உட்கார்ந்து வலை தைத்திருப்பார். அண்ணனும் விறைப்பாக வந்து விறைப்பாக விழுந்துவிட்டு எழுந்திருப்பான். கறுப்பைப் பார்த்ததால்தான் அந்தக் கல்லு எழுந்து நடந்தது. நாங்கள்தான் அவரைக் கல்லு என்று சொல்லிக்கொண்டிருந்தோம், அவரோ ஐந்து நாளாக எழுந்திருக்க ஒரு சாக்குக் கிடைக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அண்ணன் பேத்திக்கு இதைச் சொன்னேன். அவள் போனில் மேப்பைத் திறந்து ராஜா விழுந்த கடலைக் காட்டினாள். நீலமாக, நடுவில் பொட்டுப் பொட்டாகத் தீவுகள். இன்றைக்கும் அவர் பேர்தானாம், ஏஜியன் கடல். அப்புறம் விரலால் தள்ளித் தள்ளி நம் கரைக்குக் கொண்டுவந்தாள். ராயபுரம் இருந்தது, எண்ணூர் இருந்தது, திருவொற்றியூரும் இருந்தது.

"கொள்ளுத் தாத்தா பேர் எங்கயும் இல்லியே ஆயா" என்று சும்மா சீண்டினாள்.

"எப்படி இருக்கும்? அவருதான் புள்ளய இட்டுக்கினு கரைக்கு வந்துட்டாரே" என்றேன்.